பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

கழக்கூட்டம்,
6 மே 2024

அன்புள்ள தங்கச்சி பிரேமாவுக்கு,

அக்கா ஞானபாய் எழுதுவது. கர்த்தர் இதுவரை என்னைச் சுகமாக வைத்திருக்கிறார். நீயும் வன்னியராஜ் தம்பியும் மகள் அபிஷாவும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் கேட்கிறேன்.

நேற்று ஆலயத்தில் நீ செய்தது நியாயமா? திருவிருந்துக்குப் பீடத்தின் முன்னால் எல்லாரும் வரிசையாக முழங்கால் போட்டிருந்தோம். உன் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது, வந்து முழங்கால் போட்டேன். போதகர் அப்பத் தட்டோடு உன்னிடம் வந்துவிட்டார். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். சேலையை உதறிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாய். போதகர் நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். எனக்குப் பின்னால் இருநூறு பேர் இருக்கிறார்கள் என்பது முதுகில் தெரிந்தது.

பகையோடு இந்த மேசைக்கு வராதீர்கள் என்று போதகர் மாதாமாதம் சொல்வது உண்மைதான். ஆனால் பகை யாருக்கு? எனக்கு உன்மேல் ஒன்றும் இல்லை. என் உள்ளத்தில் சமாதானம் இருக்கிறது. விடியுமுன் எழுந்து இந்த ஹாஸ்டலில் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குப் புட்டும் கடலையும் செய்கிறேன். பாட்டுப் பாடிக்கொண்டேதான் செய்கிறேன். ஐம்பத்து நான்கு வயதில் கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை, அடுப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறைதான் வீடு. ஆனாலும் குறைவு என்று ஒருநாள் சொன்னதில்லை. அதை ஜெபக்கூட்டத்தில் சாட்சியாகவும் சொல்லியிருக்கிறேன்.

போனில் கூப்பிட்டால் ஒரு மணி அடித்ததும் நின்றுவிடுகிறது. இங்கே தங்கியிருக்கும் பிள்ளை ஒன்று பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, உங்கள ப்ளாக் பண்ணியிருக்காங்க கேட்டோ" என்றது. போன வாரம் வீட்டுக்கே வந்தேன். தம்பி வாசலை மறைத்துக்கொண்டு நின்று, "மதினி, அவ ஒறங்குதா, பொறவு வாங்க" என்றார். பகல் பதினொரு மணி. உள்ளே உன் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது.

நான் செய்தது ஜெபம், பிரேமா. பிள்ளைக்குச் சுகம் கிடைக்கவேண்டும் என்று கேட்டேன். பெயரைக்கூடச் சொல்லவில்லை. வருகிற வியாழக்கிழமை உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு உபவாசம் இருக்கப்போகிறேன்.

உன் அக்கா,
ஞானபாய்

*

ஆரியசாலை,
15 மே 2024

அக்காவுக்கு,

உபவாசம் இருந்தாயா? நல்லது. இங்கே நாங்களும் அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் அதற்கு உபவாசம் என்று பெயர் வைக்கவில்லை.

போனில் பேசமாட்டேன். பேசினால் அபிஷா காதில் விழும். கடிதமானால் பயமில்லை. அவள் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம், தமிழ் பேசுவாள், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. அவள் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடுவதோடு சரி. இந்த வீட்டில் தமிழில் எழுதி நடுவீட்டில் போட்டாலும் பெட்டியில் வைத்துப் பூட்டின மாதிரிதான்.

பெயர் சொல்லவில்லை என்கிறாய். "என் கூடப்பிறந்த தங்கச்சி மகள், மே ஒன்பதாம் தேதி கல்யாணம், மாப்பிள்ளை பாறசாலை, பிள்ளைக்கு வலிப்பு" என்று சொன்னாயே, உனக்கு எத்தனை தங்கச்சி? பெயர் ஒன்றுதான் பாக்கி. அதையும் சொல்லியிருந்தால் கேட்டவர்களுக்கு அந்த யோசனையும் மிச்சமாகியிருக்கும்.

நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், நானே சொல்கிறேன். ஏப்ரல் பதினான்காம் தேதி ஞாயிறு கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். அபிஷா பெயரும் ஜெபின் பெயரும் ஒன்றாகச் சேர்ந்து ஆலயத்தில் கேட்டபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இவர்கள் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று போதகர் சொன்னார். மூன்று ஞாயிறும் சொல்கிற வழக்கமான வார்த்தைதானே என்று உட்கார்ந்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை பகலில் கழக்கூட்டம் ஜெபக்கூட்டத்தில் நீ வாயைத் திறந்தாய். மூன்று மணிக்கு அது வாட்ஸ்அப்பில் ஜெபக்குறிப்பாக வந்துவிட்டது. கீழே பத்துப் பேர் கை கூப்பின படம் போட்டிருந்தார்கள். ஆறு மணிக்கு ஜெபினின் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஒங்க மவளுக்கு தீனம் உண்டுன்னு ஊரே ஜெபிக்குது. எங்களுக்கு மட்டும் தெரியாண்டாமா?" என்று கேட்டாள். இரண்டாவது ஞாயிறு எங்கள் பெயரை வாசிக்கவில்லை. வேறு இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்துவிட்டுப் போதகர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அபிஷா அழவில்லை. "சாரமில்லம்மா, போனா போவட்டும்" என்று சொல்லிவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாள். மறுநாள் வேலைக்கும் போனாள். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

பதின்மூன்று வயதில் அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. பதினொரு வருஷம் யாருக்கும் தெரியாமல் காத்தேன். பள்ளிக்கூடத்தில் விழுந்தபோது பட்டினியால் மயக்கம் என்று சொல்லி, பிள்ளைக்குச் சோறு போடாதவள் என்ற பேரையும் வாங்கிக்கொண்டேன். இந்த உலகத்தில் உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன். இப்போது எனக்கு ஜெபிக்கவே பயமாக இருக்கிறது. கண்ணை மூடினால் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று தோன்றுகிறது.

உன் சமாதானத்தை நீயே வைத்துக்கொள். அது என் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனது.

பிரேமா

*

கழக்கூட்டம்,
24 மே 2024

பிரேமாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் அழுதேன். மூன்றாம் தரம் எனக்குக் கோபம் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

காத்தேன், காத்தேன் என்கிறாய். அதற்கு மறைத்தேன் என்றும் ஒரு பெயர் உண்டு. வீட்டுக்கு வந்து நம்பிப் பெண் கேட்டவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓலை கொடுத்தாய். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் அந்தப் பிள்ளை மாமியார் வீட்டு அடுப்படியில் விழுந்தால் யார் பிடிப்பார்கள்? என்ன செய்யவேண்டும் என்று அங்கே ஒருவருக்காவது தெரிந்திருக்குமா? மாத்திரையை எந்தச் சேலை மடிப்பில் ஒளித்து வைத்து விழுங்கியிருப்பாள்? இதையெல்லாம் நீ யோசித்தாயா?

நான் யோசித்தேன். எனக்கு அப்படித்தான் கல்யாணம் செய்து வைத்தார்கள். தாசையாவுக்கு மனநோய் இருந்தது எனக்குத் தாலி கட்டி இருபதாவது நாள்தான் தெரிந்தது. சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன், என்னை யார் என்று கேட்டார். பிறகு இறங்கிப் போனவர் நான்கு நாள் கழித்துத்தான் வந்தார். கல்யாணத்துக்கு முன்னாலேயே மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன். புதுப்பெண் முன்னால் சாப்பிடவேண்டாம் என்று அவருடைய அம்மா நிறுத்திவிட்டாள். அவர் நல்லவர், பிரேமா. சுயபுத்தி இருந்த நாட்களில் என்னை ஒரு சொல் கடிந்து பேசினதில்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் நான் மருந்தைக் கையில் எடுத்துக் கொடுத்து அவரை நன்றாக வைத்திருப்பேன். மறைத்ததால் மூன்று வருஷம் எனக்கு ஒன்றும் புரியாமல் போனது. அந்த மூன்று வருஷத்தில்தான் அவர் தேறமுடியாமல் போனார்.

அப்பா தனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று சாகும்போதுதான் சொன்னார். அவரையும் மன்னித்தேன். நான் யாரைத்தான் மன்னிக்கவில்லை?

பொய்யின்மேல் கட்டின வீட்டில் அபிஷா குடியிருக்கவேண்டாம் என்று கர்த்தர் நினைத்திருக்கலாம். நான் வெறும் வாய்தான்.

ஞானபாய்

*

ஆரியசாலை,
3 ஜூன் 2024

அக்காவுக்கு,

கர்த்தர் நினைத்தாராம், நீ வாயாம். பழியை நல்ல இடத்தில்தான் இறக்கி வைக்கிறாய். அவர் திரும்பக் கடிதம் எழுதமாட்டார்.

நேற்றும் திருவிருந்து ஞாயிறு. நான் ஆலயத்துக்குப் போனேன், ஆனால் பீடத்துக்குப் போகவில்லை, பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். நீ வரவில்லை என்றார்கள்.

அப்பாவைப் பற்றி எழுதிவிட்டாய், அதனால் நானும் எழுதுகிறேன். உன் கல்யாணம் நிச்சயமானபோது எனக்குப் பதினைந்து வயது. தரகரும் அப்பாவும் பேசினதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார் தரகர். அப்பா என்னைப் பார்த்துவிட்டார். வேதப்புத்தகத்தின்மேல் என் கையை வைக்கச் சொல்லி, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். நீ அன்றைக்கு முற்றத்தில் கல்யாணத்துக்கு மாவு சலித்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சல்லடையைப் பிடித்தேன். சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷமாகச் சொல்லவில்லை.

இதற்கும் என்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதாதே. எனக்கு வேண்டாம்.

ஒரே ஒரு கேள்வி. ஜெபினின் பெரியம்மா லில்லிபாய், மகனோடு கழக்கூட்டத்தில் பிளாட்டில் இருக்கிறவள், அந்த வெள்ளிக்கிழமை உங்கள் கூட்டத்தில் இருந்தாள். நீ ஜெபக்குறிப்பு சொல்ல எழுந்தபோது அவள் அங்கே இருப்பது உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதற்குப் பதில் எழுது. பிரசங்கம் வேண்டாம்.

பிரேமா

*

கழக்கூட்டம்,
8 ஜூலை 2024

பிரேமா,

ஒரு மாதத்துக்குமேல் ஆகிவிட்டது. நீ கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாள் பிடித்தது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். கிழித்ததிலெல்லாம் பிரசங்கம் வந்துவிட்டது.

தெரியும்.

லில்லிபாய் ஜன்னலோரத்தில் மூன்றாவது பாயில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பிப்ரவரியில் அபிஷாவுக்கு நிச்சயதார்த்தம் நடந்ததே, அன்றைக்கு இரண்டு பெரிய செம்பு நிறைய ஆட்டுக்கறி வைத்தது நான். உன் வீட்டு விசேஷம் என்று ஹாஸ்டலில் லீவு போட்டுவிட்டு வந்து வைத்தேன். என்னை அடுக்களையிலேயே இருக்கச் சொன்னாய். "தாசையா அத்தான் காரியம் வாயில வந்துரப்பிடாது அக்கா, ரத்தத்துல தீனம் உண்டான்னு நோண்டுவாவ" என்றாய். சரி என்று இருந்தேன். லில்லிபாய் கை கழுவ அந்தப் பக்கம் வந்தவள் என்னைக் காட்டி, "இது ஆரு?" என்று கேட்டாள். நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய். பிறகு, "சமையலுக்கு வந்தவங்க" என்று சொன்னாய்.

அதை நான் உன்னிடம் கேட்கவில்லை. மனசில் ஒன்றும் இல்லை என்று ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டேன். மார்ச் மாதத்திலிருந்து லில்லிபாய் எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தாள். என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நல்ல சிரிப்புதான், கூலி கொடுத்தவளைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. ஒருநாள், "கறி நல்லா இருந்துச்சு, எங்க வீட்டு விசேஷத்துக்கும் வருவீங்களா, என்ன கேப்பீங்க?" என்றாள். நான் நம்பர் கொடுத்தேன். நான் யார் என்று சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, பாரம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றார்கள். எனக்கு அபிஷாவின் பாரம் இருந்தது, அது பொய் இல்லை. ஆனால் எழுந்து நின்றதும் வாயில் முதலில் வந்தது, "என் கூடப்பிறந்த தங்கச்சி மகள்" என்ற வார்த்தைதான். லில்லிபாய் தலையைத் தூக்கிப் பார்த்தாள். எனக்கு அது இனித்தது. அந்த இனிப்பில் தேதியும் ஊரும் நோயும் எல்லாம் பின்னாலேயே வந்துவிட்டன. உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. பாரம் இறங்கிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நானும் அப்படியே நம்பிக்கொண்டேன்.

இதுதான் நான் ஊரெல்லாம் சாட்சி சொன்ன சமாதானம். நேற்றும் திருவிருந்துக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கும் இப்போது போவதில்லை. பாட்டு நின்றுவிட்டது. கடலையை வேகவைத்து, தேங்காய் திருகி, பாத்திரம் கழுவிக் கவிழ்க்கிறேன். பிள்ளைகள், "ஆன்ட்டிக்கு சுகமில்லையா?" என்று கேட்கிறார்கள்.

இன்னொரு காரியம் இருக்கிறது. அதை எழுதினால் உன் கோபத்தில் பாதி என்மேலிருந்து இறங்கிவிடும். ஆனால் அதைச் சொன்ன ஆள், சொல்லாதே என்று கேட்டுக்கொண்டது. எழுதமாட்டேன்.

என்னை மன்னிப்பாயா? உன் மன்னிப்பு இல்லாமல் அந்த மேசைக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை.

ஞானபாய்

*

ஆரியசாலை,
16 ஜூலை 2024

அக்காவுக்கு,

"சமையலுக்கு வந்தவங்க" என்று நான் சொன்னது உண்மை. சொன்னதும் நாக்கு கசந்தது. உன்னிடம் வந்து சொல்ல நினைத்தேன், அதற்குள் பந்திக்கு நேரமாகிவிட்டது. அதற்காக என்னை அறைந்திருக்கலாம். என் மகளை எடுத்து அடித்தாய்.

மன்னிப்பு இல்லை. பஸ் ஏற டிக்கெட் கேட்கிற மாதிரி திருவிருந்துக்குப் போக என்னிடம் மன்னிப்பு கேட்கிறாய். இங்கே தீர்ந்துவிட்டது.

இனி எழுதாதே.

பிரேமா

*

ஆரியசாலை,
20 ஆகஸ்ட் 2024

அக்கா,

எழுதாதே என்று சொன்னதும் நான்தான், எழுதுவதும் நான்தான். சிரித்துக்கொள்.

சனிக்கிழமை அபிஷா ஊசி தேடிக்கொண்டு என் தையல் மெஷின் டிராயரைத் திறந்திருக்கிறாள். உன் கடிதங்கள் மூன்றும் அதில்தான் இருந்தன. நான் எழுதினதற்கு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்த தாள்களும் இருந்தன. வாசிக்கத் தெரியாது என்று இத்தனை தைரியமாக இருந்தேன். அவள் போன் கேமராவைக் கடிதத்துக்கு நேராகக் காட்டுகிறாள், அப்படியே மலையாளத்தில் வருகிறது. உன் எழுத்து அதற்குப் புரிந்ததாம், என் எழுத்துத்தான் புரியவில்லையாம். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டாள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் என்னை உட்காரவைத்துச் சொன்னாள். பெரியம்மா எழுதமாட்டேன் என்று எழுதியிருக்கிற காரியம் என்னுடையதுதான் என்றாள். ஜெபினிடம் நிச்சயத்துக்கு முன்னாலேயே அவள் எல்லாம் சொல்லிவிட்டாளாம். மாத்திரைப் பட்டையையே எடுத்துக் காட்டினாளாம். அவன், எனக்குப் பரவாயில்லை, அம்மாவுக்கு மட்டும் இப்போது தெரியவேண்டாம் என்றானாம். பிறகு அவன் அம்மா என்னை ஏமாற்றுக்காரி என்று போனில் கத்தினபோது அவன் அந்த வீட்டில்தான் இருந்தான். எனக்குத் தெரியும் அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜூன் மாதம் இவளைக் கூப்பிட்டு, ரெஜிஸ்டர் கல்யாணம் செய்யலாமா என்று கேட்டானாம். இவள் வேண்டாம் என்றாளாம்.

"தீனம் எனக்கு. நாக்கு போனது அவனுக்கு. அவன எனக்கு வேண்டாம்மா" என்றாள். எங்கே கற்றுக்கொண்டாள் இந்தப் பேச்சை?

இதை ஜூனிலேயே உன் ஹாஸ்டல் அடுக்களையில் வைத்து உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் அங்கே போகக்கூடாது என்று தடுத்தும், அலுவலகம் பக்கத்தில்தானே என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கேதான் வந்திருக்கிறாள். அம்மாவிடம் சொல்லவேண்டாம், தெரிந்தால் அவன் வீட்டில் போய்க் காலில் விழுவாள் என்று உன்னிடம் கேட்டுக்கொண்டாளாம். நீயும் சொல்லவில்லை.

உன்னை என்ன சொல்ல? வாயை மூடவேண்டிய இடத்தில் திறந்தாய், திறக்கவேண்டிய இடத்தில் மூடிக்கொண்டாய். நான் பதினொரு வருஷம் மறைத்ததை அவள் ஒரே நாளில் அவனிடம் சொல்லியிருக்கிறாள். நீ ஜெபத்தில் போட்டு உடைத்தது ஏற்கெனவே உடைந்த பானை. இரண்டு பேரும் எதற்காக இவ்வளவு பாடுபட்டோம்?

ஜெபினுக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள் என்று கேள்வி.

பிரேமா

*

கழக்கூட்டம்,
27 ஆகஸ்ட் 2024

பிரேமாவுக்கு,

அபிஷா என்னிடம் சொன்ன அன்றைக்கு நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சத்தியம் ஒன்றும் வாங்கவில்லை. "பெரியம்மா, இதயாவது உள்ள வச்சுக்கிடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். 'இதையாவது' என்ற சொல் போதுமே எனக்கு.

அதற்குப் பிறகு உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம், அதையும் எழுதிவிடலாம் என்று கை பரபரக்கும். நீ மறைத்தது வீண் என்று உன் முகத்துக்கு நேரே காட்டிவிடலாமே. பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்ப்பேன். பிள்ளைகள் சாப்பிட்டுப் போட்ட தட்டு நாற்பத்திரண்டும் சில நாள் இரண்டு தரம் கழுவினேன். ஒருநாள் கடைசித் தட்டைக் கவிழ்க்கும்போது மனசு சும்மா இருந்தது. சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். யாரிடமும் போய்ச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். உன்னிடம் சொல்வதும் இதுதான் முதல் தரம், இதற்கே பயமாக இருக்கிறது.

நீ மன்னிக்கவேண்டும் என்று இனிக் கேட்கமாட்டேன். கேட்டதே தப்பு. நீயாவது திருவிருந்துக்குப் போ. என்னால் நீ பட்டினி கிடக்கவேண்டாம்.

ஞானபாய்

*

ஆரியசாலை,
2 செப்டம்பர் 2024

அக்கா,

நேற்று ஆலயத்தில் அபிஷாவுக்கு வலிப்பு வந்துவிட்டது.

பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறாள். இரண்டு நாளாக அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை, அலுவலகத்தில் வேலை அதிகம். பாவ அறிக்கை முடிந்து எல்லாரும் எழுந்து நிற்கிறோம், பக்கத்தில் நின்றவள் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் விழுந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் இடம் இல்லை. நடுப்பாதைக்கு இழுத்துப் போட்டுப் பக்கவாட்டில் படுக்கவைத்துத் தலையை மடியில் தாங்கிக்கொண்டேன். அவள் அப்பா அழுதுகொண்டே நின்றார். ஓர் அம்மா சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணிக்கப் பார்த்தாள், இன்னொருத்தி சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தாள். "ஒண்ணும் வேண்டாம், காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க. ரெண்டு நிமிஷத்துல நிக்கும்" என்று நான் சொன்னேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். பதினொரு வருஷத்தில் ஒருநாளும் அதை நான் சத்தமாகச் சொன்னதில்லை. ஒருத்தி, "இது முந்தியே உண்டா?" என்று கேட்டாள். "உண்டு. பதிமூணு வயசுலருந்தே உண்டு" என்றேன்.

இருநூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓலை வாசித்த அதே போதகர், வாட்ஸ்அப்பில் கை கூப்பின அதே பெண்கள். எந்த நாளை நினைத்து நான் பதினொரு வருஷம் நடுங்கினேனோ, அந்த நாள் வந்து முடிந்தும்விட்டது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், பிள்ளையின் வாயோரத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டிருந்தேன், எனக்குப் பயமே இல்லை. இனி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சமாதானம் என்று நீ சொல்வாயே, அது இதுதானா என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்த மாதிரி அது இல்லை. அழுகை வந்தும் வராமலும் நிற்கிற மாதிரி இருந்தது.

ஆராதனை நிற்கவில்லை. திருவிருந்து தொடங்கிவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை, எப்படி எழுந்திருக்க? அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எல்லாரும் எங்களைச் சுற்றிக்கொண்டு பீடத்துக்குப் போய் வந்தார்கள். கடைசியில் போதகர் தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கி நடுப்பாதை வழியாக எங்களிடம் வந்தார். தரையில் முழங்கால் போட்டார். அபிஷா எழுந்த பிறகு அவளுக்குக் கொடுங்கள் என்று தலையை அசைத்தேன். எனக்கு நீட்டினார். ஒரு கை அவள் தலைக்குக் கீழே இருந்தது, இன்னொரு கையை நீட்டினேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். பசித்த ஆள் மாதிரி விழுங்கிவிட்டேன்.

உள்ளே போன பிறகுதான் அக்கா, உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லையே என்று ஞாபகம் வந்தது.

பிரேமா